திகாரில் நடமாடிய மனுப்பெட்டி

நீர்வேலியைக் கண்ணால் காணாதவர்களும் எங்கள் வாழைக்குலையை அறிவார்கள். செம்மண் தோட்டம், பருத்தித்துறை வீதியின் இருபுறமும் வாழை, அரசகேசரிப் பிள்ளையார், கந்தசுவாமி கோயில், அத்தியார் இந்துக் கல்லூரி, சங்கர பண்டிதர் பிறந்த மண் என்று ஊர்ப்பெருமை பேச எங்களுக்குக் குறைவில்லை. ஆனால் இலங்கையின் நீதிமன்றப் பதிவேடுகளில் எங்கள் ஊர்ப்பெயர் ஏறியது வேறொரு காரணத்தால். 1981 மார்ச் 25ஆம் திகதி மக்கள் வங்கிப் பணத்தை ஏற்றிவந்த வாகனம் நீர்வேலியில் மறிக்கப்பட்டது. காவலுக்கு வந்த பொலிஸார் இருவர் கொல்லப்பட்டார்கள். எழுபது இலட்சம் ரூபாவுக்கு மேல் போயிற்று. பின்னர் தங்கத்துரை, குட்டிமணி, ஜெகன் ஆகியோர் பிடிபட்டார்கள். அந்த வழக்கை ‘நீர்வேலி வங்கிக் கொள்ளை வழக்கு’ என்றே நாடு பேசியது.

அதன் பிறகு நடந்ததை யாழ்ப்பாணத்தில் யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. 1983 ஜூலை 25ஆம் திகதி வெலிக்கடைச் சிறைக்குள் அந்த மூவர் உட்பட 35 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். ஒருநாள் இடைவெளி விட்டு, 27ஆம் திகதி, இன்னும் 18 பேர். காந்தீயம் இயக்கத்தின் வைத்தியர் இராஜசுந்தரம் அந்த இரண்டாம் நாளில் இறந்தவர்களில் ஒருவர். மொத்தம் 53 உயிர். தாக்கியவர்கள் சக கைதிகள். காவலர்கள் சிலரும் உடந்தை என்று உயிர் தப்பியவர்கள் சொன்னார்கள். அந்தக் கொலைகளுக்காக இன்றுவரை ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை.

இப்படி ஒரு நினைவு படிந்திருக்கும் ஊரில், கைதி ஒருவன் தன்னைப் பூட்டி வைத்திருந்த அதிகாரிக்கு மனதார நன்றி சொன்னான் என்று சொல்லிப் பாருங்கள். “மறியல் வீட்டுக்காரருக்கு ஆர் தம்பி நன்றி சொல்லப்போறது?” என்றுதான் கேட்பார்கள். கேட்பதில் பிழையில்லை. ஆனாலும் அப்படி நன்றி சொன்னவர்கள் இருந்திருக்கிறார்கள். ஒருவர் இருவர் அல்ல, ஆயிரக்கணக்கில். அவர்கள் எதற்காக நன்றி சொன்னார்கள் என்பதை விளங்கிக்கொள்வது மற்ற எல்லோரையும்விட எங்களுக்கே அதிகம் தேவை என்று நினைக்கிறேன்.

வெலிக்கடையைச் சொன்ன வாயால் இன்னொருவரையும் சொல்லியாக வேண்டும். அன்று சிறைச்சாலைகள் பிரதி ஆணையாளராக இருந்தவர் சி. ரி. ஜான்ஸ். பறங்கியர். கூட்டத்தைத் தடுக்க அவர் முயன்றார் என்று பின்னர் வந்த மனித உரிமைப் பதிவுகளில் இருக்கிறது. அவரால் தடுக்க முடியவில்லை. சீருடைக்குள் ஒரு மனிதன் இருந்தும் அந்த மனிதனுக்குப் பின்னால் நிறுவனம் நிற்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அந்த ஜூலையைவிடப் பெரிய சாட்சி எங்கள் நாட்டில் இல்லை.

வெலிக்கடை நடந்து ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் கழித்து, 1993 மே மாதம், டெல்லியின் திகார் சிறைக்கு ஒரு பெண் பொறுப்பேற்று வந்தார். கிரண் பேடி. 1972இல் இந்தியப் பொலிஸ் சேவையில் சேர்ந்த முதல் பெண். திகார் அப்போது நான்கு சிறைகள் சேர்ந்த வளாகம். ஏறத்தாழ 2,500 பேருக்கென்று கட்டிய இடத்தில் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்டோர் அடைபட்டிருந்தார்கள். அவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் விசாரணைக் கைதிகள். குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் இன்னும் சொல்லாதவர்கள். வழக்குத் தவணைக்கு மேல் தவணையாகத் தள்ளிக்கொண்டு போக, உள்ளே கிடந்து நாளை எண்ணிக்கொண்டிருந்தவர்கள். போதைப்பொருள், கப்பம், அடிதடி, இலஞ்சம் எல்லாம் அந்த மதிலுக்குள் தாராளம். பொலிஸ் உத்தியோகத்தர்கள் திகாருக்கு இடமாற்றம் பெறுவதைத் தண்டனையாகவே எண்ணினார்கள்.

முதல் நாள் சுற்றில் கைதிகள் தரையில் குந்தியிருந்தார்கள். அதிகாரி வந்தால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது வழக்கம். பேடி அவர்களிடம் கேட்ட முதற்கேள்வி, நீங்கள் பிரார்த்தனை செய்வீர்களா என்பது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. மேலதிகாரி ஒருவர் தங்களைப் பார்த்து நேரே கேள்வி கேட்டதே அவர்களுக்குப் புதிது. பதில் சொன்னால் அடி விழுமோ என்ற அச்சம் வேறு. திரும்பவும் கேட்டார். தயங்கித் தயங்கித் தலையசைத்தார்கள். அப்படியானால் இப்போதே சேர்ந்து பாடுவோம் என்று ஒரு பாட்டைத் தொடங்கினார். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு கூடவே பாடினார்கள். ‘தோ ஆங்க்கேன் பாரா ஹாத்’ என்ற பழைய இந்திப் படத்தின் பிரார்த்தனைப் பாடல் அது.

இந்தப் படத்தின் கதையை நாங்களும் எங்கள் தியேட்டர்களில் பார்த்திருக்கிறோம். 1975இல் வந்த எம்.ஜி.ஆரின் ‘பல்லாண்டு வாழ்க’ அதன் தமிழ் வடிவந்தான். நம்பியார், வீரப்பா, மனோகர் என்று நாடறிந்த வில்லன்களைக் கைதிகளாக்கி, கொலைக்குற்றத்துக்கு உள்ளே வந்த ஆறு பேரைத் தரிசு நிலத்துக்குக் கூட்டிப்போய்ப் பயிர் செய்விக்கிற ஜெயிலர் எம்.ஜி.ஆர். மூலப்படத்தை 1957இல் சாந்தாராம் எடுத்து, தானே ஜெயிலராக நடித்தார். பேர்லின் விழாவில் அதற்கு வெள்ளிக்கரடி கிடைத்தது.

படம் வெறுங்கற்பனை என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் பலர். அதற்கு உண்மையான வேர் உண்டு. மகாராட்டிரத்தில் அவுந்த் என்றொரு சின்ன சமஸ்தானம். அதன் அரசர் பவான்ராவ், காந்தியின் சொல்லுக்குச் செவிசாய்த்துத் தன் அதிகாரத்தைக் குடிகளிடமே ஒப்படைக்க முன்வந்தவர். போலந்திலிருந்து வந்த மோரிஸ் பிரிட்மன் என்ற பொறியியலாளரின் முயற்சியோடு, 1939இல் அட்பாடிக்கு அருகே சுதந்திரபுரம் என்று ஒரு குடியிருப்பை அங்கே அமைத்தார்கள். மதில் கிடையாது, விலங்கும் கிடையாது. தண்டனை பெற்றவர்கள் அங்கே நிலத்தைக் கொத்தி விதைத்துச் சீவித்தார்கள். ஓட நினைத்தால் ஓடலாம். அந்தக் குடியிருப்பைப் பற்றிய செய்திதான் படமாயிற்று. படத்தின் பாட்டு திகார்க் கைதிகளின் வாய்க்குப் போய்ச் சேர்ந்தது. நல்ல காரியம் ஒன்று எந்த வழியால் எங்கே போய்ச் சேரும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது.

பாட்டோடு நின்றிருந்தால் திகார் கதையை எழுத நான் பேனா எடுத்திருக்க மாட்டேன். பிரார்த்தனைக் கூட்டம் நடத்துகிற சிறைகள் உலகில் எத்தனையோ. திகாரை மாற்றியது ஒரு பெட்டி.

பூட்டுப்போட்ட மனுப்பெட்டி. அதை ஒருவர் காவிக்கொண்டு கூடம் கூடமாகப் போவார். கைதிகள் தங்கள் குறையை எழுதி உள்ளே போடலாம். பெயர் போட்டும் எழுதலாம், போடாமலும் எழுதலாம். திறப்பு அந்தந்தச் சிறையின் அத்தியட்சகரிடம் இல்லை. பெட்டி நேரே பேடியின் அலுவலகத்துக்குப் போய் அங்கேதான் திறக்கப்படும். எழுதத் தெரியாதவனுக்கு எழுதத் தெரிந்த பக்கத்துப் பாய்க்காரன் எழுதிக் கொடுத்தான். யார் கப்பம் கேட்கிறான், எந்தக் காவலர் அடித்தார், மருந்து எதனால் கிடைக்கவில்லை, போதைப்பொருள் எந்த வழியால் வருகிறது, பிணை கிடைத்தும் பிணைகாரர் இல்லாமல் கிடப்பவன் யார், எல்லாம் அந்தப் பெட்டிக்குள் வந்து விழுந்தன. மனு கிடைத்தது என்ற ஒப்புகை, போட்டவனின் கைக்குத் திரும்பி வந்தது. எடுத்த நடவடிக்கையும் தெரிவிக்கப்பட்டது.

இதில் என்ன அதிசயம் என்று வெளியே இருக்கிற எங்களுக்குத் தோன்றலாம். பிரதேச சபைக்கு ஒரு கடிதம் கொடுத்துவிட்டு, பெற்றுக்கொண்டேன் என்று ஒரு கையெழுத்து வாங்க நாங்கள் எத்தனை தரம் நடக்கிறோம்? எங்களுக்கே அப்படியென்றால், உள்ளே இருக்கிறவன் எங்கே நடப்பான்? அவன் சொன்னது ஒருவர் காதில் விழுந்ததா என்பதுகூட அவனுக்குத் தெரியாது. அடித்தவனைப் பற்றி அடித்தவனிடமே முறையிட வேண்டிய நிலை. அப்படிப்பட்டவனுக்கு, ‘உன் கடிதம் வந்தது, வாசித்தோம்’ என்று ஒரு துண்டுத்தாள் வந்தால் அதன் பெறுமதி என்ன! திகார்க் கைதிகளின் நன்றி தொடங்கிய இடம் அந்தத் துண்டுத்தாள் என்பது என் எண்ணம். யோகம், தியானம், பண்டிகை எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

பெட்டியின் கதைக்கு இன்னொரு முற்பகுதி உண்டு. அதே திகாரில் மரண தண்டனை பெற்று இருந்தவர் சுனில் பாத்ரா. 1979இல் அவர் உச்ச நீதிமன்ற நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். தனக்காக அல்ல. தலைமைக் காவலர் ஒருவர் பணம் பறிப்பதற்காக இன்னொரு கைதியை வதைத்த கொடுமையைப் பற்றி எழுதினார். சட்டத்தரணி இல்லை, மனுப் படிவம் இல்லை, முத்திரை இல்லை. நீதிபதி வி. ஆர். கிருஷ்ண ஐயர் அந்தக் கடிதத்தையே ஆட்கொணர்வு மனுவாக ஏற்று விசாரித்தார். 1979 டிசம்பர் 20ஆம் திகதி வந்த தீர்ப்பில், சிறைகளில் குறைகேள் பெட்டி வைக்க வேண்டும், மாவட்ட நீதவானும் அமர்வு நீதிபதியும் அதைத் திறந்து பார்க்க ஒழுங்கு செய்ய வேண்டும் என்ற கட்டளையும் இருந்தது.

கிருஷ்ண ஐயர் பாலக்காட்டுக்காரர். தலச்சேரியில் வழக்கறிஞராக இருந்தபோது, 1948இல், கம்யூனிஸ்டுகளுக்கு உதவினார் என்று பிடித்து உள்ளே போட்டார்கள். சில வாரங்கள் சிறைச்சோறு உண்டவர். 1957இல் கேரளத்தில் ஈ.எம்.எஸ். அமைச்சரவையில் சட்டத்தோடு சிறைத்துறையும் அவர் பொறுப்பில் வந்தது. பின்னர் உச்ச நீதிமன்றம். ஒரு கைதியின் கடிதத்தை அவர் கையில் எடுத்த விதத்துக்கும் அந்தச் சில வாரங்களுக்கும் தொடர்பில்லை என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம்.

தீர்ப்பு வந்து பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேலாயிற்று, பேடியின் பெட்டி புறப்பட. சட்டம் சொன்ன பெட்டி ஓரிடத்தில் நிற்கும் பெட்டி. காவலரின் கண்முன்னே நடந்துபோய் அதில் ஒரு கடிதத்தைப் போடுவதற்கு நெஞ்சில் எவ்வளவு துணிவு வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். பெட்டி கைதியைத் தேடிப் போனபோதுதான் அதற்குப் பயன் வந்தது. சட்டத்தை எழுதிய கையும் வேண்டும், அதைத் தூக்கிக்கொண்டு நடக்கிற காலும் வேண்டும். எங்கள் நாட்டில் இரண்டில் ஒன்று எப்போதும் இல்லாமல் போய்விடுகிறது.

திகாரில் பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. எழுதப் படிக்கத் தெரிந்த கைதிகள் தெரியாதவர்களுக்குக் கற்பித்தார்கள். சாப்பாடு, மருத்துவம், சட்ட உதவி, விளையாட்டு என்று கைதிகளே பஞ்சாயத்து அமைத்து நடத்தினார்கள். தாயோடு உள்ளே வளர்ந்த குழந்தைகளுக்குப் பராமரிப்பு நிலையம் வந்தது. திறந்த பல்கலைக்கழகத்தின் கல்வி மையம் மதிலுக்குள் திறக்கப்பட்டது. புகைத்தல் ஒரேயடியாகத் தடுக்கப்பட்டது. கைதிகளுக்கு அது பிடிக்கவில்லை, முறுகினார்கள். அவர் விட்டுக்கொடுக்கவில்லை. நன்றி வாங்குவதற்காகச் செய்தவர் என்று அவரைச் சொல்பவர்கள் இந்த ஒன்றையாவது நினைவில் வைத்திருக்க வேண்டும்.

1994 ஏப்ரலில் நடந்ததை மட்டும் கொஞ்சம் நின்று பார்ப்போம். பர்மாவில் பிறந்த எஸ். என். கோயங்கா நடத்திய விபாசனா தியான முகாமில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் ஒரே நேரத்தில் அமர்ந்தார்கள். பத்து நாள் முகாம். பேச்சு இல்லை, பத்திரிகை இல்லை, விடியமுன் எழும்ப வேண்டும். இது புதுமையும் அல்ல. 1975இலேயே ராஜஸ்தானின் உள்துறைச் செயலாளர் ராம் சிங்கின் முயற்சியால் ஜெய்ப்பூர் மத்திய சிறையில் இப்படியொரு முகாம் நடந்தது. ஆனால் ஆயிரம் பேர் என்பது வேறு. திகார் முகாம்களைப் பற்றி இஸ்ரேலியப் பெண்கள் இருவர் எடுத்த ஆவணப்படம் 1997இல் வந்தது. அதில், முகாம் முடிந்து மௌனம் கலைந்ததும் வளர்ந்த ஆண்கள், அதுவும் கொலை, கொள்ளை என்று உள்ளே வந்தவர்கள், சிறை அதிகாரியின் தோளில் முகத்தை வைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுகிறார்கள். அதிகாரி என்ன செய்வதென்று தெரியாமல் அவர்களின் முதுகைத் தடவிக் கொடுக்கிறார்.

அந்தக் காட்சியைப் பார்த்தபோது என் நெஞ்சு கனத்தது. ஏன் என்று யோசித்தேன். அழுகிறவனைவிட அந்த அதிகாரியின் கைதான் என்னைத் தொட்டது. தடி பிடித்துப் பழகிய கை. ஒரு மனிதனின் முதுகில் வேறு விதமாக எப்படி வைப்பது என்று அப்போதுதான் கற்றுக்கொண்டது போலிருந்தது. சீர்திருத்தம் என்று நாம் பேசும்போது கைதி திருந்துவதை மட்டுமே பேசுகிறோம். திகாரில் காவலர்களும் முகாமில் அமர்ந்தார்கள். வெலிக்கடையில் நடந்ததை நினைத்துப் பார்க்கிற ஒரு யாழ்ப்பாணத்தானுக்கு, திருந்த வேண்டியவர் பட்டியலில் யார் முதலில் வருவார் என்பது நன்றாகத் தெரியும்.

1994இல் பேடிக்கு மக்சேசே விருது கிடைத்தது. அடுத்த ஆண்டு மே மாதமே அவரைத் திகாரிலிருந்து மாற்றிவிட்டார்கள். விளம்பரம் தேடுகிறார் என்றார்கள். பாதுகாப்பைத் தளர்த்திவிட்டார் என்றார்கள். பேர்போன கைதி சார்ள்ஸ் சோப்ராஜுக்குத் தட்டச்சுப்பொறி அனுமதித்ததை ஒரு குற்றமாகவே பேசினார்கள். சரியாக இரண்டு ஆண்டு. அதற்குள் செய்ததுதான் இவ்வளவும். அந்த நாட்களைப் பற்றி 1998இல் அவர் எழுதிய புத்தகத்தில் கைதிகளின் மனுக்களும் எழுத்துக்களும் இடம்பெற்றிருக்கின்றன.

அவருடைய பிற்கால அரசியலும், புதுச்சேரியில் 2016 முதல் 2021 வரை துணைநிலை ஆளுநராக அவர் நடந்துகொண்ட விதமும் பலருக்கு உவப்பானவை அல்ல. எனக்கும் உடன்பாடில்லை. அதற்காகத் திகாரின் இரண்டு ஆண்டுகளை அழித்து எழுத முடியாது. கைதியின் நன்றி யாருக்கும் கொடுக்கிற நற்சான்றிதழ் அல்ல. எனக்கு இந்த நேரத்தில் இது கிடைத்தது என்று சொல்கிற வாக்குமூலம். அதை அப்படியே எடுத்துக்கொள்வோம்.

இந்த நன்றியின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். கடிதத்துக்குப் பதில், சுகமில்லாதபோது மருந்து, அடி இல்லாத ஒரு நாள். இவை யாரும் பிச்சையிடுகிற பொருட்கள் அல்ல. சிறைவாசம்தான் தண்டனை, அதற்குமேல் அடியும் பட்டினியும் அந்தத் தண்டனையில் சேரக் கூடாதவை. உரிமையாகக் கிடைக்க வேண்டியது கருணையாகக் கிடைத்தபோது அவன் கைகூப்புகிறான். அவன் கூப்பிய கை, அதுவரை அந்தச் சிறை எப்படி இருந்தது என்பதற்குச் சாட்சி. கைதிகள் நன்றி சொல்லத் தேவையே இல்லாத சிறைதான் நல்ல சிறை.

ஆனாலும் நன்றி என்பது அவர்களிடம் எவ்வளவு ஆழமாக இறங்கும் என்பதற்கு ரஷ்யாவிலிருந்து ஒரு கதை இருக்கிறது, சொல்லாமல் போக மனமில்லை. மொஸ்கோவில் வாழ்ந்த ஜேர்மானிய வைத்தியர் பிரெடரிக் ஹாஸ். 1820களின் கடைசியிலிருந்து சிறைக் குழுவில் உறுப்பினர். அந்தக் காலத்தில் சைபீரியாவுக்கு அனுப்பப்படும் கைதிகளை, எட்டுப் பத்துப் பேராக ஒரே இரும்புக் கம்பியில் பிணைத்து நடத்திக்கொண்டு போவார்கள். ஒருவனுக்குக் கால் நொந்தாலும் எல்லோரும் நிற்க வேண்டும், ஒருவன் இறந்து விழுந்தாலும் கம்பி கழலாது. ஹாஸ் அதை எதிர்த்து ஆண்டுக்கணக்காக அதிகாரிகளோடு மல்லுக்கட்டினார். பாரம் குறைந்த விலங்கு ஒன்றைத் தானே வடிவமைத்தார். தோலை உரசாமலிருக்க உள்ளே தோல்வார் வைத்தார். அதைத் தன் காலில் பூட்டிக்கொண்டு அறைக்குள்ளேயே மைல் கணக்கில் நடந்து பார்த்த பிறகுதான் கைதிகளின் காலுக்குக் கொடுத்தார்.

கையிலிருந்ததை எல்லாம் கொடுத்துத் தீர்த்துவிட்டு 1853இல் வறியவராக இறந்தார். அடக்கச் செலவைப் பொலிஸ்தான் ஏற்றது. இறுதி ஊர்வலத்தில் இருபதினாயிரம் பேர் நடந்தார்கள். அவர் கல்லறையைச் சுற்றியுள்ள வேலியில் அந்த விலங்குகள் இன்றும் தொங்குகின்றன. மொஸ்கோவிலிருந்து பல ஆயிரம் மைல் தள்ளி, சைபீரியாவின் நெர்ச்சின்ஸ்க் சுரங்கங்களில் வேலை செய்த கைதிகள், தங்களிடமிருந்த செப்புக் காசைச் சேர்த்து, ரஷ்யர்கள் அவரை அழைத்த பியோதர் என்ற பெயருடைய புனிதரின் திருவுருவப் படம் ஒன்றை அவர் நினைவாகச் செய்வித்தார்கள். அவர்களில் அநேகர் அவரை மொஸ்கோவைக் கடக்கும்போது ஒருதரம் கண்டிருப்பார்கள். கால் நோகிறதா என்று அவர் கேட்டிருப்பார். அவ்வளவுதான் இருந்திருக்கும்.

இனி எங்கள் வீட்டுக்கு வருவோம்.

இலங்கையின் சிறைகளை ஆள்வது 1877ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சிறைச்சாலைகள் கட்டளைச் சட்டம். விக்டோரியா மகாராணி காலத்துச் சட்டம். இடையிடையே திருத்தியிருக்கிறார்கள், அத்திவாரம் அதுவேதான். நாட்டின் சிறைகளில் இருக்கிறவர்களின் தொகை கொள்ளளவைப் போல இரண்டு மடங்குக்கு மேல். அவர்களில் பெரும்பாலோர் விளக்கமறியல் கைதிகள். 2012 நவம்பரில் வெலிக்கடையில் 27 கைதிகள் கொல்லப்பட்டார்கள். 2020 நவம்பரில், கொரோனா பரவுகிறது, எங்களைப் பரிசோதியுங்கள், வெளியே விடுங்கள் என்று மகர சிறையில் எழுந்த கலவரத்தில் 11 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் சிங்களச் சகோதரர்கள். சிறைக்குள் நடக்கிற கொடுமை தமிழனுக்கு மட்டும் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தால் பாதி உண்மையைத்தான் பிடித்திருக்கிறோம்.

மற்றப் பாதி உண்மையும் இருக்கிறது. 1979இல் தற்காலிகம் என்று கொண்டுவந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் வழக்கு முடியாமலே பத்து, பதினைந்து ஆண்டுகள் கழித்த எங்கள் பிள்ளைகள் இருக்கிறார்கள். தாய்மார் இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய், விடியற்காலையில் மகசின் சிறை வாசலில் வரிசையில் நிற்பார்கள். கையில் ஒரு சாப்பாட்டுப் பார்சல், அடையாள அட்டை, மாற்றுவதற்கு ஒரு சாரம். சிங்களத்தில் விளங்காத ஒரு கேள்வி. யாராவது ஒரு தமிழ்க் கைதியின் உறவினர் மொழிபெயர்த்துச் சொன்னால் நல்லது, இல்லாவிட்டால் கைச்சாடை. சில நிமிடம் முகம் பார்த்துவிட்டு மறுபடி இரவு பஸ். காணி ஈடுவைத்து, வாழைக்குலை விற்ற காசைச் சேர்த்து அந்தப் பயணத்துக்குக் கொடுத்த குடும்பங்கள் இந்தப் பக்கத்தில் இருக்கின்றன. அந்த வாசலில் ஒரு காவலர் நாலு வார்த்தை தமிழில் பேசினால், ‘அம்மா, இப்படி இருங்கோ’ என்று ஒரு வாங்கைக் காட்டினால், அதை அவர்கள் ஊருக்கு வந்து வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். நன்றி எவ்வளவு மலிவாகக் கிடைக்கும் என்பதும், அந்த மலிவான நன்றியைக்கூட எங்கள் சிறைகள் எவ்வளவு அரிதாகச் சம்பாதிக்கின்றன என்பதும் அந்தத் தாய்மாரின் பேச்சிலே தெரியும்.

நல்லதொன்றும் நடந்திருக்கிறது. இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு நாட்டின் சிறைகளைப் பற்றிய முதலாவது தேசிய ஆய்வை நடத்தியது. அன்று ஆணையாளர்களில் ஒருவராக இருந்த அம்பிகா சற்குணநாதன் அதற்குத் தலைமை தாங்கினார். இருபது சிறைகளுக்குப் போனார்கள். ஆண், பெண், விளக்கமறியலில் இருப்பவர், மரண தண்டனை பெற்றவர் என்று எல்லா வகைக் கைதிகளிடமும் கேட்டார்கள். படுக்க இடம் இருக்கிறதா, இரவில் மலசலகூடத்துக்கு எப்படிப் போகிறீர்கள், யார் அடித்தார், வைத்தியரைக் கண்டு எவ்வளவு காலம். அதிகாரிகளின் குறையையும் விடவில்லை. காவலருக்குத் தங்க நல்ல இடமில்லை, ஆட்கள் போதாது என்பதும் அறிக்கையில் வந்திருக்கிறது. 2020இல் வெளியான அந்த அறிக்கை மிகப் பெரியது. இத்தனை ஆண்டுகளில் ஒரு தமிழ்ப் பெண் இந்த நாட்டின் சிறைகள் முழுவதற்குமாகச் செய்த வேலை அது. எங்கள் பத்திரிகைகள் அதற்கு ஒதுக்கிய இடம் போதாது என்பது என் வருத்தம்.

அறிக்கை கேட்டது. பதில் சொல்ல வேண்டியது அரசாங்கம்.

திகாரில் பேடி போன பிறகும் சிலது நிலைத்தது. தியான மையம் உள்ளேயே நிரந்தரமாக இயங்குகிறது, கல்வி மையம் இருக்கிறது, கைதிகள் சுடுகிற பாணும் பிஸ்கட்டும் டீ.ஜேஸ் என்ற பெயரில் டெல்லிக் கடைகளுக்குப் போகின்றன. ஆனால் நெரிசல் திரும்பவும் ஏறியது, கப்பமும் அடிதடியும் திரும்பி வந்ததாகச் செய்திகள் வந்துகொண்டே இருக்கின்றன. ஓர் ஆளைச் சுற்றிக் கட்டியது அந்த ஆளோடு தளர்ந்தது. விதியாக எழுதி வைத்தது மிஞ்சியது. எங்களுக்கு ஒரு கிரண் பேடி வரவேண்டும் என்று காத்திருப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஜான்ஸ் போன்ற ஒருவர் இன்றைக்கும் ஏதோ ஒரு சிறையில் அதிகாரியாக இருக்கக்கூடும். அவர் தனியே நிற்காதபடி அவர் கைக்கு ஒரு விதியைக் கொடுக்க வேண்டும்.

அதற்கு முதற்படியாக நான் கேட்பது சிறிய விடயம். பூசாவிலோ அநுராதபுரத்திலோ மகசினிலோ, யாழ்ப்பாணத்திலோ, எந்தச் சிறையானாலும் சரி, கூடம் கூடமாகப் போகிற ஒரு பூட்டிய மனுப்பெட்டி. அதன் திறப்பு அந்தச் சிறையில் வேலை செய்யாத ஒருவரிடம், நீதவானிடமோ மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்திடமோ இருக்க வேண்டும். தமிழில் எழுதிப் போட்டவனுக்குத் தமிழிலும், சிங்களத்தில் எழுதிப் போட்டவனுக்குச் சிங்களத்திலும், திகதியும் இலக்கமும் இட்ட ஒரு பற்றுச்சீட்டு கைக்கு வரவேண்டும். இத்தனை நாளுக்குள் பதில் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். 1877ஆம் ஆண்டுச் சட்டத்தை மாற்றப் பாராளுமன்றம் எடுக்கிற காலத்தை எடுக்கட்டும். பெட்டிக்குச் சிறைச்சாலைகள் ஆணையாளர் நாயகத்தின் ஒரு சுற்றறிக்கை போதும்; வருகிற செப்டெம்பர் 12ஆம் திகதி, கைதிகள் தினத்தன்று, அதை அவர் அனுப்பலாம்.